ஜெர்மனியில் இத்தனை பேர் சர்ச்சிலிருந்து பெயரை நீக்கிக்கொள்வது வரிக்காக மட்டும்தானா?

ஜெர்மனியில் ஆண்டுக்கு ஆறேழு லட்சம் பேர் சர்ச்சை விட்டு விலகுகிறார்களாமே, இவர்கள் எல்லாரும் நாத்திகர்களா, இல்லை சர்ச் வரியை மிச்சம்பிடிக்கிறவர்களா, அங்கே வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த வரி உண்டா என்பதுதான் கேள்வி. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் எந்த ஆண்டில், எந்த வயதில் விலகுகிறார் என்பதைப் பெரும்பாலும் வரி முடிவுசெய்கிறது. ஆனால் அவருக்கும் சர்ச்சுக்கும் இருந்த உறவு அதற்குப் பல காலம் முன்பே, அநேகமாக அவருடைய பெற்றோர் காலத்திலேயே அற்றுப்போயிருக்கும். பத்திரிகைகள் விலகல் எண்ணிக்கையை மட்டும் தலைப்பாக்குவதால் இந்த இரண்டாவது பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் அங்கே "சர்ச் உறுப்பினர்" என்றால் என்ன என்று தெரிய வேண்டும். நம் ஊரில் ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்பது பங்கின், அதாவது உள்ளூர்ச் சபையின், பதிவேட்டுக்கும் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம். ஜெர்மனியில் அது அரசின் குடியிருப்போர் பதிவேட்டிலேயே இருக்கிறது. கத்தோலிக்கருக்கு 'ஆர்.கே.', புராட்டஸ்டண்டுக்கு 'ஈ.வி.' என்று இரண்டெழுத்துக் குறி. அந்தக் குறி வரி அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து வேலைகொடுப்பவரின் கணக்குப் பிரிவுக்குப் போகும், கடைசியில் மாதச் சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தமாக வந்து நிற்கும். அதற்குப் பெயர் கிர்ஷன்ஷ்டொயர், அதாவது சர்ச் வரி.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1803-ல் ஜெர்மன் சிற்றரசர்கள் திருச்சபையின் நிலபுலன்களை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குச் சர்ச்சின் செலவைத் தாங்கும் பொறுப்பு அரசுகளின் தலையில் விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாரத்தை மெல்ல மெல்ல விசுவாசிகள் பக்கம் தள்ளிவிட வரி என்ற முறை வந்தது. 1919-ன் வைமார் அரசியலமைப்பு 137-ஆம் பிரிவில் அதை உறுதிசெய்தது. 1949-ன் அடிப்படைச் சட்டம் 140-ஆம் பிரிவின் வழியே அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வரியை வசூலித்துக் கொடுப்பதற்காக அரசு 2 முதல் 4 சதவீதம் வரை கூலியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு பெரிய சர்ச்சுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,200 கோடி யூரோவுக்கு மேல் இப்படி வருகிறது.

"சம்பளத்தில் 9 சதவீதம் பிடிக்கிறார்கள்" என்று தமிழில் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 9 சதவீதம். பவாரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பர்க்கிலும் 8 சதவீதம். ஆண்டு வருமான வரி 10,000 யூரோ என்றால் சர்ச் வரி 900 யூரோ, மாதம் 75. அதையும் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சிறப்புச் செலவாகக் காட்டலாம் என்பதால், நடுத்தரத்துக்குச் சற்று மேலான சம்பளக்காரருக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். வருமான வரி கட்டாத மாணவர், சிறுவர், குறைந்த ஓய்வூதியக்காரர் இவர்களுக்கு இந்த வரியே கிடையாது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 2022-ல் 5,22,821 பேர் விலகினார்கள். இதுவரை அதுதான் உச்சம். 2023-ல் 4,02,694, 2024-ல் 3,21,611. புராட்டஸ்டண்ட் பக்கம் 2022, 2023 இரண்டிலும் சுமார் 3.8 லட்சம், 2024-ல் சுமார் 3.45 லட்சம். ஜெர்மனி ஒன்றிணைந்த 1990-ல் பத்தில் ஏழு பேர் இந்த இரண்டில் ஒரு சர்ச்சின் உறுப்பினர். 2021 முடியும்போது முதன்முறையாக அது பாதிக்குக் கீழே போனது. 2024 கடைசியில் கத்தோலிக்கர் 1.98 கோடி, புராட்டஸ்டண்டுகள் 1.80 கோடி, சேர்த்துப் பார்த்தால் மக்கள்தொகையில் சுமார் 45 சதவீதம்.

வரி ஒரு தூண்டுகோல் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. கிழக்கு ஜெர்மனியைத் தூக்கிநிறுத்த 1991-ல் ஒருமைப்பாட்டுக் கூடுதல் வரி வந்தது. அது சர்ச்சோடு துளியும் சம்பந்தமில்லாத வரி. ஆனாலும் கத்தோலிக்க விலகல் 1990-ல் சுமார் 1.43 லட்சமாக இருந்தது 1992-ல் 1.92 லட்சமானது. கையில் வரும் பணம் குறைந்ததும், சட்டப்படி விட்டுவிடக்கூடிய ஒரே வரி எது என்று மக்கள் பார்த்தார்கள். 2014-ல் நடந்தது இன்னும் விசித்திரம். வட்டி, பங்கு ஆதாயத்தின் மீதான சர்ச் வரியை 2015 முதல் வங்கிகளே பிடித்துக் கட்டிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போனது. புதிதாக ஒரு யூரோகூட வரி போடவில்லை. ஏற்கெனவே கட்டவேண்டியதை வசூலிக்கும் வழி மட்டும்தான் மாறியது. அந்த ஆண்டு கத்தோலிக்க விலகல் 1,78,805-லிருந்து 2,17,716 ஆக ஏறியது. முந்தைய ஆண்டு லிம்பர்க் ஆயர் இல்ல வளாகத்துக்கு 3 கோடி யூரோவுக்கு மேல் செலவான விவகாரம் வெடித்திருந்தது. அந்தக் கோபமும் இதில் சேர்ந்துகொண்டது.

ஆனால் வரிதான் மூலகாரணம் என்றால், வரியே இல்லாத நாடுகளில் உறுப்பினர்கள் நிலைத்திருக்க வேண்டுமே? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சர்ச் வரி கிடையாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 37.2 சதவீதம் பேர் "மதம் இல்லை" என்று எழுதினார்கள். கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம்தான். அமெரிக்காவிலும் அப்படி ஒரு வரி இல்லை. 1970-களின் தொடக்கத்தில் இருபதில் ஒருவராக இருந்த மதம் சாராதோர் இன்று நான்கில் ஒருவருக்கும் மேல். ஜெர்மனியில் வித்தியாசம் என்னவென்றால், மற்ற நாடுகளில் ஓசையில்லாமல் நடக்கும் விலகல் இங்கே தேதி, கையெழுத்து, ரசீதோடு நடக்கிறது. அதனால் துல்லியமாக எண்ண முடிகிறது.

அடுத்து எல்லோரும் சொல்லும் காரணம் பாலியல் கொடுமை. இதை இலேசாகக் கடந்துபோகக் கூடாது. 2018 செப்டம்பரில் ஜெர்மன் ஆயர் பேரவை வெளியிட்ட ஆய்வில், 1946 முதல் 2014 வரை 1,670 குருக்கள், துறவிகள், திருத்தொண்டர்கள் மீதும், பாதிக்கப்பட்ட 3,677 சிறுவர் சிறுமியர் பற்றியும் கோப்புகளில் சான்று இருந்தது. கோப்பில் ஏறியது மட்டுமே இவ்வளவு. கொலோன் உயர்மறைமாவட்டத்தில் (பேராயரின் நிர்வாகப் பகுதி) அதன் பேராயர் கர்தினால் வோல்கி, இந்தக் கொடுமைகள் பற்றித் தாமே கேட்டு எழுதவைத்த முதல் அறிக்கையை 2020-ல் வெளியிடாமல் நிறுத்திவைத்தார். விலகலைப் பதிவுசெய்யும் கொலோன் நகர நீதிமன்றத்தில் அதற்கான முன்பதிவு மாதக்கணக்கில் நிரம்பி வழிந்தது. 2021-ல் மாதத்துக்கு 1,000 ஆக இருந்த இடத்தை 1,500 ஆக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் மியூனிக் உயர்மறைமாவட்டத்தில் நடந்த கொடுமைகள் பற்றிய அறிக்கை வந்தது. முன்னாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அங்கே பேராயராக இருந்தபோது நான்கு வழக்குகளில் தவறினார் என்றது அந்த அறிக்கை. 5.2 லட்சம் என்ற உச்சம் அந்த ஆண்டில்தான். இந்த அலையில் போனவர்களில் பலர் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்தவர்கள், பாடற்குழுவில் பாடியவர்கள், 2019-ல் மூன்ஸ்டரில் தொடங்கிய 'மரியா 2.0' போன்ற பெண்கள் இயக்கத்தில் நின்று உள்ளிருந்தே மாற்றம் கேட்டவர்கள். இவர்கள் அலட்சியத்தால் போனவர்கள் அல்ல, மனம் உடைந்து போனவர்கள். திருச்சபைக்கு ஏற்பட்ட உண்மையான இழப்பு இதுதான் என்பது என் கருத்து. சேவைக்கு ஆள் வேண்டிய இடத்தில் நின்றவர்கள் இவர்களே.

இருந்தாலும் ஒரு விஷயம் இடிக்கிறது. புராட்டஸ்டண்ட் சர்ச்சில் அதேபோன்ற ஆய்வு 2024 ஜனவரியில்தான் வந்தது. அதில் குறைந்தது 2,225 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டார்கள். அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அங்கும் லட்சக்கணக்கில் விலகிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே போதகர்கள் திருமணம் செய்யலாம், பெண்கள் ஆயராகலாம், பல மாநிலச் சபைகளில் ஒருபாலினத் தம்பதிகளுக்கு ஆசி உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் சீர்திருத்தவாதிகள் கேட்பதில் பெரும்பகுதி அங்கே நடைமுறையில் இருந்தும் விலகல் விகிதம் குறையவில்லை. அங்கே விலகியவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலானவர்களிடம் குறிப்பிட்ட ஒரு சம்பவமே இருக்காது. "எனக்கும் அதற்கும் ஒன்றுமில்லை" என்பதுதான் பதிலாக வரும்.

உண்மையான இயந்திரம் வேறு இடத்தில் ஓடுகிறது. 2024-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றவர்கள் 1,16,222 பேர். அதே ஆண்டில் சர்ச் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். புராட்டஸ்டண்ட் பக்கம் ஞானஸ்நானம் சுமார் 1.1 லட்சம், இறந்த உறுப்பினர்கள் சுமார் 3.3 லட்சம். ஒருவர்கூட விலகாவிட்டாலும் இரண்டு சர்ச்சுகளும் சுருங்கித்தான் போகும். முதியோர் அதிகம், பிறப்பு குறைவு என்பது ஒரு பாதி. இன்னொரு பாதி, உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோரே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் விடுவது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணிப்பில், 2017-ல் 4.48 கோடியாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2060-ல் 2.27 கோடியாகக் குறையும் என்றார்கள். அதில் பாதிக்கும் குறைவான பங்குதான் மக்கள்தொகை மாற்றத்தால். மீதி ஞானஸ்நானம், விலகல், மறுசேர்க்கை ஆகிய நடத்தைகளால். அந்தக் கணிப்பே இன்று மென்மையானதாகிவிட்டது. 2017-க்கும் 2024-க்கும் இடையே ஏழே ஆண்டில் 70 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள்.

அதே ஆய்வு காட்டிய இன்னொன்று: விலகல் மிக அதிகமாக நடப்பது ஏறத்தாழ 25 முதல் 35 வயதுக்குள். ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஞாயிறு ஆராதனைக்குப் போனவர். அம்மாவும் அப்பாவும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போவார்கள், ஆனால் பாட்டி மனம் நோகக் கூடாது என்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிள்ளை 14 வயதில் வகுப்புத் தோழர்களோடு திடப்படுத்தல் எடுத்தான், அதாவது ஞானஸ்நானத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு. உறவினர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தார்கள். அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சர்ச்சிலிருந்து அவனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. 26 வயதில் முதல் சம்பளச் சீட்டு வருகிறது. அதில் 'ஈ.வி.' என்றும் பக்கத்தில் ஒரு தொகையும் இருக்கிறது. பத்தாண்டு மௌனத்துக்குப் பின் சர்ச் அவனிடம் பேசும் முதல் வார்த்தையே பிடித்தத் தொகை. அவன் விலகுகிறான். நாளை அவனுக்குப் பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் என்ற பேச்சே எழாது. அந்தக் குடும்பத்தின் கதை அங்கே முடிகிறது, விலகல் பட்டியலில் ஒரே ஒரு எண்ணாகத்தான் அது பதிவாகும்.

பிரிட்டனில் டேவிட் வோவாஸும் அலஸ்டெயர் க்ராக்கெட்டும் 2005-ல் இதையே கணக்காகக் காட்டினார்கள். பெற்றோர் இருவருமே பக்தியுள்ளவர்களாக இருந்தாலும் பிள்ளைகளில் பாதிப்பேரிடம்தான் அது தங்குகிறது; ஒருவர் மட்டும் என்றால் கால்வாசி; இருவரும் இல்லையென்றால் புதிதாக யாரும் வருவது மிக அரிது. அதாவது வளர்ந்தவர்கள் நடுவயதில் யோசித்து நம்பிக்கையைக் கைவிடுவதைவிட, அடுத்த தலைமுறைக்கு அது போய்ச்சேராமல் நின்றுவிடுவதுதான் அதிகம்.

இது ஒரு முறை அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கிழக்கு ஜெர்மனியில் பார்க்கலாம். 1950 வாக்கில் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு சர்ச்சின் உறுப்பினர். கம்யூனிஸ்ட் அரசு ஆலயங்களை இழுத்து மூடவில்லை. 1954-55-ல் யூகென்ட்வைய என்ற இளைஞர் உறுதிமொழிச் சடங்கைக் கொண்டுவந்து, அதை எடுக்காமல் சர்ச்சில் திடப்படுத்தல் எடுக்கும் பிள்ளைகளுக்கு மேல்படிப்பையும் நல்ல வேலையையும் கடினமாக்கியது. பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தைப் பார்த்தார்கள். இரண்டு தலைமுறையில் சங்கிலி அறுந்தது. 1990-ல் சுதந்திரம் வந்ததும் ஆலயங்கள் நிரம்பும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், நிரம்பவில்லை. மாறாக, மேற்கின் வரிமுறை வந்ததும் பேரளவில் பட்டியலில் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். லூத்தர் பிறந்த ஐஸ்லேபனும் 1517-ல் அவர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய விட்டன்பர்க்கும் இன்று சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இருக்கின்றன. அந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவர்கூட சர்ச் உறுப்பினர் இல்லை. யூகென்ட்வைய மட்டும், அதைக் கட்டாயப்படுத்திய அரசு மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் குடும்ப விழாவாக நடந்துகொண்டிருக்கிறது.

விலகியவர்கள் வேறு மதத்துக்கோ யோகா, தியானம் போன்றவற்றுக்கோ போகிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. 2023 நவம்பரில் வெளியான புராட்டஸ்டண்ட் சர்ச்சின் உறுப்பினர் ஆய்வு, கத்தோலிக்கத் திருச்சபையும் முதன்முறையாகச் சேர்ந்து நடத்தியது. அதன்படி ஜெர்மானியரில் 56 சதவீதம் பேர் மதச்சார்பற்றவர்கள், 25 சதவீதம் பேர் மதத்திலிருந்து சற்று விலகி நிற்பவர்கள், சர்ச்சோடு ஒட்டிய பக்தியுள்ளவர்கள் 13 சதவீதம், மாற்று ஆன்மிகத்தில் இருப்பவர்கள் வெறும் 6 சதவீதம். முதல் கேள்விக்கு இதுதான் பதில்: இவர்கள் கடவுளை எதிர்த்து வாதாடும் நாத்திகர்கள் இல்லை. அந்தக் கேள்வியே இவர்கள் வாழ்க்கையில் எழுவதில்லை.

இவ்வளவு ஆட்கள் போயும் சர்ச்சுகள் ஏன் பதறவில்லை என்று தோன்றலாம். பணம் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். உறுப்பினர் குறைந்தாலும் சம்பளங்கள் உயர்ந்தன. 1955 முதல் 1969 வரை பிறந்த பெரிய தலைமுறை உச்சச் சம்பளத்தில் இருந்தது. உறுப்பினர்களை அதிகமாக இழந்த 2022-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் வரி வருவாய் சுமார் 685 கோடி யூரோ. 2035-க்குள் அந்தத் தலைமுறை ஓய்வுக்குப் போய்விடும். முன்கூட்டியே நெருக்கடி வந்த இடம் எஸ்ஸன் மறைமாவட்டம். நிலக்கரி, எஃகுத் தொழிலாளர்களுக்காக 1958-ல் ரூர் பகுதியில் உருவான அது, 2006 வாக்கில் 259 பங்குகளை 43 ஆகச் சுருக்கி, 96 ஆலயங்களைக் கைவிடும் பட்டியலில் போட்டது. வெறும் ஞாயிறு திருப்பலிக் கணக்கைப் பார்த்தாலே அதன் அவசியம் புரியும்: 1950-ல் கத்தோலிக்கரில் பாதிப்பேர் போனார்கள், 2024-ல் நாடு முழுவதும் 6.6 சதவீதம். அந்த ஆண்டு நாட்டின் மறைமாவட்டங்கள் அனைத்துக்குமாகக் குருப்பட்டம் பெற்றவர்கள் 29 பேர். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன குருக்கள் பல பங்குகளை நடத்துவது இதனால்தான்.

இனி நடைமுறை. விலக நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்?

சர்ச்சுக்குப் போகவே தேவையில்லை. அரசிடம்தான் அறிவிக்க வேண்டும். பெர்லின், நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா போன்ற மாநிலங்களில் ஆம்ட்ஸ்கெரிஷ்ட் எனும் உள்ளூர் நீதிமன்றத்தில். பவாரியா, பாடன்-வூர்ட்டெம்பர்க் போன்றவற்றில் பிறப்பு, திருமணப் பதிவு செய்யும் ஷ்டாண்டஸ்ஆம்ட்டில். பிரேமனில் சர்ச் அலுவலகத்திலேயே அறிவிக்கலாம். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: பிராண்டன்பர்க்கில் இலவசம், பெர்லினிலும் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவிலும் 30 யூரோ. 14 வயதானவர் தானே அறிவிக்கலாம். அதற்குக் கீழே பெற்றோர், 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் முடியாது. ஜெர்மன் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுதான் என்றால் முகவரிப் பதிவுச் சான்றையும் எடுத்துப்போங்கள். அங்கே அலுவலர் முகவரியைச் சரிபார்ப்பார், ஒரு பக்க அறிவிப்பை நீட்டுவார், கையெழுத்து, கட்டணம், சான்றிதழ். ஐந்து பத்து நிமிடம். ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேறொருவரை அனுப்ப முடியாது. நேரில் போக முடியாதவர் நோட்டரியிடம் கையெழுத்தை உறுதிசெய்து அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு "இணையத்திலேயே முடித்துத் தருகிறோம்" என்னும் தனியார் தளங்கள் படிவத்தை மட்டுமே நிரப்பித் தரும். கையெழுத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

சிக்கல்கள் வருவது இதற்குப் பிறகு. அந்தச் சான்றிதழைத் தொலைக்கவே கூடாது. ஊர் மாறும்போதோ, பல ஆண்டுகள் கழித்தோ, நீங்கள் ஞானஸ்நானம் பெற்றவர், விலகியதற்கு ஆதாரம் எங்கே என்று கடிதம் வரலாம். காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. பழைய அலுவலகத்தில் கோப்பு அழிந்திருக்கலாம். வரி பெரும்பாலும் அந்த மாதக் கடைசியோடு நிற்கும், சில இடங்களில் அடுத்த மாதக் கடைசியோடு. அடுத்த இரண்டு சம்பளச் சீட்டுகளில் மதக் கட்டத்தில் எழுத்துப் போய் இரண்டு சிறு கோடுகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கிக்கு இது உடனே தெரியாது. ஆகஸ்ட் 31 நிலவரத்தைத்தான் வங்கிகள் செப்டம்பர், அக்டோபரில் கேட்டு வாங்கி அடுத்த ஆண்டு முழுக்க அதன்படி பிடிக்கும். செப்டம்பரில் விலகினால் அடுத்த ஆண்டும் வட்டியில் பிடித்தம் நடக்கலாம். ஆண்டுக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

வேலையிழப்பு ஈட்டுத்தொகை பெரிதாக வரப்போகிறது, அதற்கு முந்தின வாரம் விலகிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டு, உறுப்பினராக இருந்த மாதங்களுக்குப் பன்னிரண்டில் அத்தனை பங்கு கட்டவேண்டும். நவம்பரில் விலகி டிசம்பரில் தொகை வாங்கினாலும் அந்த ஆண்டு வரியில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வந்துவிடும்.

கத்தோலிக்கருக்கு விளைவு கடுமை. 2012 செப்டம்பரில் ஆயர் பேரவை பிறப்பித்த ஆணைப்படி, விலகியவர் ஒப்புரவு (பாவமன்னிப்பு), நற்கருணை, உறுதிப்பூசுதல் (திடப்படுத்தல்) ஆகிய அருட்சாதனங்களைப் பெற முடியாது. மரண ஆபத்தில் தவிர நோயில்பூசுதலும் இல்லை. ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. சர்ச் அடக்கம் மறுக்கப்படலாம். "நான் வரி கட்டும் அமைப்பை மட்டும் விடுகிறேன், விசுவாசத்தை விடவில்லை" என்று ஃப்ரைபர்க்கின் ஓய்வுபெற்ற திருச்சபைச் சட்டப் பேராசிரியர் ஹார்ட்முட் சாப் 2007-ல் அறிவித்து வழக்காடினார். அரசுப் பதிவில் விலகல் என்றால் முழு விலகல்தான், சர்ச் அதை உள்ளுக்குள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது சர்ச்சின் வேலை என்று 2012-ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் முடித்துவிட்டது. விசுவாசமும் வரியும் ஒரே கையெழுத்தில் கட்டப்பட்டிருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஏழை நாடுகளில் காணிக்கை கொடுக்க முடியாதவருக்கும் நற்கருணை கொடுக்கும் அதே திருச்சபை அல்லவா இது.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு முக்கியமானது முதல் வாரத்தில் நிரப்பும் முகவரிப் பதிவுப் படிவம். அதில் மதம் என்ற கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்று எழுதினால் அடுத்த சம்பளத்திலிருந்தே வரி தொடங்கும். திருமுழுக்கு எந்த ஊரில் நடந்தாலும் கத்தோலிக்கத் திருச்சபை ஒன்றுதான். தென்னிந்தியத் திருச்சபைக்காரர் 'எவாங்கெலிஷ்' என்று எழுதினால் அதையே அங்குள்ள புராட்டஸ்டண்ட் சர்ச்சில் சேரும் அறிவிப்பாக எடுத்துக்கொள்வார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையினர் இந்த வரி வசூலிக்கும் அமைப்பில் இல்லை. தெரியாமல் 'எவாங்கெலிஷ்' என்று எழுதிவிட்டால் தாங்கள் போகாத சபைக்கு வரி கட்டுவார்கள். அந்தக் கட்டம் கேட்பது வரி வசூலிக்கும் மத அமைப்பின் உறுப்பினரா என்பதைத்தான், உங்கள் விசுவாசத்தை அல்ல. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த வரி இல்லை. ஆனால் கணவர் இந்து, மனைவி கிறிஸ்தவர், அவருக்கு வருமானம் இல்லை, இருவரும் சேர்ந்து வரிக்கணக்குக் காட்டுகிறார்கள் என்றால் கவனம் தேவை. கூட்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மனைவி பெயரில் சிறப்பு சர்ச் கட்டணம் வரலாம், ஆண்டுக்கு 96 முதல் 3,600 யூரோ வரை. எல்லா மாநிலத்திலும் இல்லை. பவாரியாவில் 2018-ல் எடுத்துவிட்டார்கள். தனித்தனியாகக் கணக்குக் காட்டினால் வராது, ஆனால் கூட்டுக் கணக்கின் வரிச்சலுகை போகும். இரண்டையும் கூட்டிக்கழித்துப் பார்க்க வேண்டும்.

செவிலியர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கத்தோலிக்கரின் காரிட்டாஸ், புராட்டஸ்டண்டுகளின் டியாகோனி என்ற சர்ச் சேவை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்துக்கு மேல் ஊழியர்களை வைத்திருக்கின்றன. கத்தோலிக்க மருத்துவமனையில் இந்துச் செவிலியர் வேலை செய்யலாம், தடையில்லை. ஆனால் கத்தோலிக்கராக இருந்து விலகினவருக்கு அந்த விலகலே வேலைக்குத் தடையாக வரலாம். 2022 நவம்பரில் ஊழியர் விதிகளைத் தளர்த்தி, மறுமணம், ஒருபாலினத் திருமணம் போன்றவற்றை எடுத்துவிட்டபோதும் இதை மட்டும் விடவில்லை. விலகுவதற்கு முன் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். "நீங்கள் விலகினால் மருத்துவமனை மூடப்படும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றின் செலவு பெரும்பாலும் காப்பீட்டிலிருந்தும் அரசிடமிருந்தும்தான் வருகிறது. சர்ச் வரி முக்கியமாகப் போவது பங்குகளின் ஊழியர் சம்பளத்துக்கும் கட்டடங்களுக்கும். பாலர் பள்ளிகளில் மட்டும் சர்ச்சின் சொந்தப் பங்கு ஓரளவு இருக்கிறது.

பதிவேட்டில் இருக்கும் பெயரும் பக்தியும் வெவ்வேறு என்பதற்கு அங்குள்ள தமிழர்களே சாட்சி. ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஆயிரக்கணக்கான தமிழர் திருயாத்திரை போகிறார்கள். அதில் இந்துக்களும் உண்டு. ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும் அப்படியே கூட்டம். இவர்களில் பலர் சர்ச் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

விலகியவர் திரும்பி வர நினைத்தால் வழி உண்டு. மீண்டும் ஞானஸ்நானம் கிடையாது, முதலில் பெற்றது அழிவதில்லை என்பதில் இரண்டு சர்ச்சுகளும் ஒன்று. புராட்டஸ்டண்டுகளுக்குப் பெரிய நகரங்களில் இதற்கென்றே மறுசேர்க்கை அலுவலகங்கள் இருக்கின்றன. போதகரோடு ஒரு உரையாடல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் பேசி, அவர் மறைமாவட்டத்துக்கு எழுதி, ஆயரின் அனுமதி வந்தபின் சாட்சிகள் முன்னால் விசுவாச அறிக்கை செய்ய வேண்டும். 2023-ல் அப்படித் திரும்பிய கத்தோலிக்கர் 4,127 பேர். சேர்ந்த பிறகு பதிவேட்டில் குறி மறுபடி ஏறும், வரியும் அன்றிலிருந்து தொடங்கும். விலகியிருந்த ஆண்டுகளுக்குப் பின்னோக்கி வரி கேட்க மாட்டார்கள்.